பையில் ஒரு மடக்குக் கத்தி

போன மாதம் எங்கள் கத்தரித் தோட்டத்தைப் பார்க்க ஒரு நண்பர் வந்திருந்தார். ஐந்து வருடமாக இயற்கை விவசாயம் செய்பவர். சுற்றிப் பார்த்துவிட்டு, "காய்ப்புழுவுக்கு என்ன சார் அடிக்கிறீங்க? வேப்பங்கொட்டைக் கரைசலா, இஞ்சி பூண்டு மிளகாயா?" என்று கேட்டார். பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்துக் காட்டினேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கேலியில்லை. கரைசலும் அடிக்கிறோம். ஆனால் முதலில் கத்தி, பிறகுதான் கரைசல்.

நான் 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கரில் காய்கறியும் வாழையும் வைத்திருக்கிறேன். ஊரில் இன்னும் 'பேங்க் சார்'தான். பயிர்க்கடனுக்கு ஏக்கருக்கு எவ்வளவு தரலாம் என்று எங்களிடம் ஒரு அட்டவணை இருக்கும். அதில் உரச்செலவு வரும், பூச்சிமருந்துச் செலவு வரும். விவசாயி தினமும் வரப்பில் நடந்து செடி செடியாகப் பார்ப்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. சொந்தமாகக் கத்தரி வைத்த முதல் வருடம் நன்றாக உறைத்தது.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு ஒன்றேதான். தாய்ப் பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் முட்டை வைக்கும். புழு வெளியே வந்ததும் குருத்துத் தண்டுக்குள் நுழைந்துகொள்ளும். அந்த நுனி மட்டும் வாடித் தலை சாய்ந்து நிற்கும். பிஞ்சு வந்ததும் அடுத்த தலைமுறைப் புழு காய்க்குள் போகும். உள்ளே போன புழுவை நாம் அடிக்கிற எந்தக் கரைசலும் தொடுவதில்லை. கடை மருந்தும் அப்படித்தான், அதனால்தான் வாரம் இரண்டு முறை அடிக்கிறார்கள். இந்த ஒரு புழுவைச் சொல்லித்தான் மரபணு மாற்றிய கத்தரியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வேண்டாம் என்று சொன்ன நாம், அந்தப் புழுவுக்கு நம் தோட்டத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் காட்டியாக வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. தலை சாய்ந்த நுனியைப் பார்த்த உடனே, துளைக்கு ஒரு அங்குலம் கீழே அறுத்து ஒரு பையில் போட்டு, வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும் அல்லது ஆழப் புதைக்க வேண்டும். அங்கேயே கீழே போட்டால் புழு வெளியே வந்து சருகுக்குள் கூடு கட்டி மறுபடியும் பூச்சியாகிவிடும். அறுத்த இடத்துக்குக் கீழே பக்கக் கிளை வெடிக்கும், செடிக்கு நஷ்டமில்லை.

எளிது, ஆனால் நடக்காது. ஏன் நடக்காது என்று என்னையே கவனித்தேன். காலையில் ஒரு சுற்று வருவேன். வாடிய நுனி கண்ணில் படும். அருவா மோட்டார் அறையில் கிடக்கும். "திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்" என்று நினைப்பேன். அதற்குள் தண்ணீர் மாற்ற வேண்டும், போன் வரும், வெயில் ஏறிவிடும். வங்கியில் சின்ன நிலுவையை இன்றைக்குக் கேட்காமல் விட்டால் எப்படி வாராக்கடன் ஆகுமோ, அதே கதைதான். நாலு நாள் தள்ளிப்போன வேலை நாலு டேங்க் கரைசலாக வந்து நிற்கும். கையில் கத்தி இருந்தால் பார்த்த இடத்திலேயே வேலை முடியும். அவ்வளவுதான் விஷயம்.

நகத்தால் கிள்ளலாமே என்பார்கள். இளந்தண்டு என்றால் கிள்ளலாம். புழு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் தண்டு முற்றியிருக்கும், கிள்ளினால் பட்டை உரியும். கவாத்துக் கத்தரி இருக்கே என்பார்கள். கவாத்துக்கு அது மிக நல்லது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நாள் முழுக்க இடுப்பில் கிடக்காது. மடக்குக் கத்தி கிடக்கும். வாழையில் காய்ந்த இலை கழிக்க, சாக்குத் தையல் பிரிக்க, சொட்டுநீர்க் குழாய் நறுக்க, பூசணிக் காம்பு அறுக்க எல்லாம் அதேதான். போன ஐப்பசி மழையில் கன்றுக்குட்டி கயிற்றைச் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகி விழுந்துவிட்டது. முடிச்சு நனைந்து உப்பியிருந்தது, அவிழ்க்க முடியவில்லை. அன்றைக்குப் பையில் கத்தி இல்லையென்றால் கன்று இல்லை.

இனி என்ன கத்தி என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் ரத்தம் சிந்திப் படித்திருக்கிறேன்.

முதலில் வாங்கியது சந்தையில் எண்பது ரூபாய்க்கு வாங்கிய சின்னக் கத்தி. பூட்டு கிடையாது. ஒருநாள் குழாயில் முனையைக் குத்தித் திருகினேன். அலகு சட்டென்று என் விரல் மேலேயே மடங்கிவிட்டது. ஆட்காட்டி விரலில் நாலு தையல், ஒரு தடுப்பூசி, வீட்டில் ஒரு வாரம் வசவு. "பேங்க்ல பேனா புடிச்ச கைக்கு இது தேவையா?" என்று என் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. தப்பு என்னுடையதுதான். பூட்டில்லாத கத்தியைக் குத்துவதற்குப் பயன்படுத்தக் கூடாது, அறுக்க மட்டும்தான்.

அதனால் முதல் விதி, விரித்தால் பூட்டிக்கொள்ளும் கத்தியாக இருக்கட்டும். இரண்டாவது, கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அலகு நாலு அங்குலம் இருந்தால் நாலு விரலும் பிடிக்குள் அடங்கும், வாழை மட்டையும் ஒரே இழுப்பில் வரும். சின்னப் பேனாக்கத்தி வியர்த்த கையில் வழுக்கும். மூன்றாவது, பட்டனை அமுக்கினால் படாரென்று திறக்கிற கத்தி வேண்டாம். அது நம் வேலைக்கு ஆகாது, பார்ப்பவர்களுக்கும் சந்தேகம் வரும். நான்காவது, அலகு இரும்பு. துருப்பிடிக்காத எவர்சில்வர் அலகு பராமரிக்கச் சுலபம். கரி கலந்த உருக்கு அலகு வாழைக்கறை பட்டால் கறுக்கும், ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். ஆனால் தீட்டுக்கல்லில் பத்து இழுப்பில் பதமேறும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. சாயங்காலம் துணியில் துடைத்து, ஆணி இருக்கும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

கத்தியை அருவாளாக்காதீர்கள். மடக்குக் கத்தியின் பலவீனம் அந்த ஒற்றை ஆணி. கட்டை பிளக்க, கல்லை நெம்ப, இளநீர் சீவ அதை எடுத்தால் ஆணி தளர்ந்துவிடும், அப்புறம் பூட்டையும் நம்ப முடியாது. அதற்கெல்லாம் அருவா இருக்கிறது. நோய் கண்ட செடியை அறுத்த கத்தியோடு அடுத்த செடிக்குப் போகவும் கூடாது. எலுமிச்சையிலும் வாழையிலும் நோயைக் கத்தியே சுமந்துபோகும். ஒரு சின்னப் புட்டியில் ஸ்பிரிட்டும் பஞ்சும் கூடவே இருக்கட்டும். மடியில் செருகினால் குனியும்போது நழுவும், அதனால் ஒரு கயிறு கட்டி இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

"போலீஸ் பிடிக்காதா சார்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருளை ஆயுதம் என்ற கணக்கில் சேர்க்கவில்லை. விதிகளில் கத்திக்குச் சொல்லியிருக்கும் அளவு அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். நம்முடையது அதில் பாதிகூட இல்லை. அதற்காகத் திருவிழாவுக்கும் கோர்ட்டு வாசலுக்கும் பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கத்தி தோட்டத்தோடு இருக்கட்டும். மகளைப் பார்க்க விமானத்தில் போனபோது பையிலேயே மறந்து வைத்து, என் இரண்டாவது கத்தியைச் சோதனை மேசையில் விட்டுவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

இவ்வளவு கத்தி ஞானம் வந்த பிறகும் ஒரு வருடம் என் தோட்டத்தில் சொத்தைக் காய் பெரிதாகக் குறையவில்லை. காரணத்தைச் சொன்னவர் பறிப்புக்கு வரும் இரண்டு பெண்களில் மூத்தவர். நான் ஒரு நுனியை அறுத்துப் பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சார், இது தலை சாஞ்சு கெடக்குறத நாங்க ரெண்டு நாளைக்கு முன்னாடியே பாத்தோம். நீங்க கேக்கல, நாங்க சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. நான் வரப்பில் ஒரு சுற்று வருகிறவன். அவர்கள் வாரம் இரண்டு முறை ஒவ்வொரு செடியையும் கையால் விலக்கிப் பார்க்கிறவர்கள். கத்தி இருக்க வேண்டிய கை எது? மறுவாரமே பூட்டுள்ள கத்தி இரண்டு வாங்கி அவர்களிடம் கொடுத்தேன். பறித்துக்கொண்டே வாடிய நுனியையும் சொத்தைக் காயையும் தனிப் பையில் சேர்க்க வேண்டும், அதற்கு நாள் கூலிக்கு மேல் முப்பது ரூபாய். புழு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து பூச்சி பறந்து வரத்தான் செய்யும். ஆனால் பத்துக் கிலோவுக்கு இரண்டரை, மூன்று கிலோ கழிந்த இடத்தில் இப்போது ஒரு கிலோ, சில நாள் ஒன்றேகால். என் நோட்டில் தேதியோடு இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். இயற்கை விவசாயத்தில் இடுபொருள் செலவு குறைவு என்று பேசுகிறோம். குறைகிற செலவில் ஒரு பங்கு, செடியைப் பார்க்கிற கண்ணுக்கும் கைக்கும் போக வேண்டும். இல்லையென்றால் கடை மருந்துக்குப் பதில் கரைசலை அடித்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கத்திகளில் ஒன்றின் ஆணி தளர்ந்தபோது, அதை அடித்துக் கொடுக்க ஒரு ஆசாரியைத் தேடி நாலு ஊர் அலைந்தேன். மூன்று ஊரில் பட்டறையே இல்லை. 1990களில் நான் மேலாளராக இருந்த கிளைக்கு, ஊதுலைக்கு மோட்டாரும் ஒரு சாணை மிஷினும் வாங்கப் பத்தாயிரம் ரூபாய் கடன் கேட்டு ஒரு ஆசாரி வந்தார். ஜாமீன் இல்லை என்று இரண்டு முறை அலையவிட்டுத் திருப்பி அனுப்பினேன். அதே நாட்களில் டிராக்டர் கடனுக்கு நானே வீடு தேடிப் போயிருக்கிறேன். விதிப்படிதான் செய்தேன். ஆனால் அந்த நாலு ஊர் அலைச்சலில் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்ற கருவி செய்பவர் மகன் 1890இல் குடியானவர்களுக்காக மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி செய்தார். 1955இல் அதற்கு ஒரு வளையப் பூட்டு சேர்ந்தது. இன்றும் அந்தக் கத்தி விற்கிறது. திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நம் கொல்லர்களுக்கு இது ஆகாத வேலையா? நாலாவது ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். ஆணியைப் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தார். புதிதாகச் செய்ய முடியுமா என்றேன். கத்தியை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு ரெண்டுக்கு உலை மூட்டுனா கட்டாது. அம்பது வேணும்னா சொல்லுங்க, பூட்டோட செஞ்சு தாறேன்" என்றார்.

ஐம்பது பேர் நம் இயக்கத்தில் ஒரு வட்டாரத்திலேயே இருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம். வரும்போது, உங்கள் பக்கத்தில் இன்னும் உலை மூட்டுகிற பட்டறை எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள்.