டி.சி.யில் நான் எழுதிய காரணம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதித்து, காலிப்பர் போட்டு நடப்பான். கணக்கில் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்புக்குப் போனான். அந்த வகுப்பறை மாடியில் இருந்தது. ஜூன் மாதம் பத்து நாள் அவன் அம்மா தூக்கிக்கொண்டு ஏறினார். பிறகு, "கூலி வேலைக்கு நேரமாயிடுது டீச்சர், முடியல" என்று டி.சி. கேட்டார். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற கட்டத்தில் என் கையாலேயே 'உடல்நிலை' என்று எழுதிக் கொடுத்தேன்.

கீழே இருந்த மூன்றாம் வகுப்பை மாடிக்கும் எட்டாம் வகுப்பைக் கீழேயும் மாற்றியிருக்கலாம். அரை நாள் வேலை. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சமீபத்தில் மைக் ஆலிவர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளரைப் பற்றிப் படித்தபோது அந்த டி.சி. நினைவுக்கு வந்தது. 17 வயதில் நீச்சல் குள விபத்தில் கழுத்து முறிந்து, அதன்பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். 1980களில் பிரிட்டன் அரசு மாற்றுத்திறனாளிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கேள்விகள் எல்லாம் உடலைப் பற்றியவை. பொருள்களைப் பிடிக்க, திருக முடியாமல் செய்வது எந்த நோய்? குறைபாட்டின் காரணமாகச் சிறப்புப் பள்ளியில் படித்தீர்களா?

1990-ல் வந்த தன் நூலில் ஆலிவர் அவற்றைத் திருப்பிப் போட்டார். பாட்டில், டப்பாக்களின் வடிவமைப்பில் என்ன கோளாறு? உங்களைப் போன்றவர்களைத் தனிப் பள்ளிக்கு அனுப்புவது கல்வித் துறையின் கொள்கை என்பதால் அங்கே படித்தீர்களா?

விமர்சன சமூகக் கோட்பாடு என்றால் பெயர்தான் பெரிது. இயற்கை என்று நாம் விட்டுவிடுவதை, 'இதை யார் முடிவு செய்தது? யாருக்கு வசதி?' என்று கேட்பதுதான் அது. சாதி விஷயத்தில் இப்படிக் கேட்டுப் பழகிய மண் இது. பிறப்பிலேயே அப்படித்தான் என்றவர்களிடம் யார் சொன்னது என்று கேட்டோம். படிக்கட்டைப் பார்த்து மட்டும் கேட்கவில்லை.

உடலின் வலியை இந்தப் பார்வை மறைக்கிறது என்று ஜென்னி மாரிஸ் போன்ற மாற்றுத்திறனாளிப் பெண்களே சுட்டிக்காட்டினார்கள். நியாயமான பேச்சு. அந்தப் பையனின் கால் வலித்தது உண்மை. ஆனால் அவன் படிப்பை நிறுத்தியது அந்த வலி அல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. பள்ளிக் கட்டடம் எல்லோரும் வந்து போகும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்த 2017-லிருந்து 5 ஆண்டு அவகாசம் கொடுத்தது. அதுவும் 2022-லேயே முடிந்துவிட்டது. ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளி என்று மாற்றினோம், நல்லது. படிக்கட்டு எத்தனை இடத்தில் மாறியது?

தேர்தல் வந்தால் பள்ளி வாக்குச்சாவடியில் சாய்தளம் வந்துவிடுகிறது. ஓட்டுப் போட ஒரு நாள் ஏற முடிகிற இடத்தில், படிக்க 200 நாள் ஏற முடியாதா?

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், இந்த ஊரில் பள்ளிக்கு வராத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் யார், அவர்களைத் தடுப்பது நம் பள்ளியில் எது என்று கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

அந்த டி.சி. இன்று என் கைக்கு வந்தால் 'உடல்நிலை' என்பதை அடித்துவிட்டு, 'வகுப்பறையை மாற்ற நாங்கள் முயலவில்லை' என்று எழுதுவேன்.

உங்கள் பள்ளி அனுபவங்களையும் கீழே எழுதுங்கள்.