மார்கழிக்குப் பூச்செடி

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும் நம் வீட்டுத் தோட்டங்கள் வெறுமையாய்த் தோன்றுகின்றன. மல்லிகையை நவம்பர் மாதக் கடைசியில் கவாத்துச் செய்வது வழக்கம். அது மறுபடியும் நிறையப் பூப்பது பங்குனியிலேதான். இடைப்பட்ட மார்கழியில் விடியற்காலைப் பூஜைக்கும், தையில் கலியாணங்களுக்கும் புஷ்பம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. வரத்துக் குறைந்து தேவை மிகும்போது விலை ஏறுவது இயல்பே. நிலமும் கிணறும் உடைய குடும்பத்தார் ஒரு முழம் பூவுக்குச் சந்தையை எதிர்பார்த்து நிற்பது பொருத்தமன்று என்பது எமது அபிப்பிராயம்.

இக்குறைக்குக் காரணம் நாம் செடியைத் தேர்ந்தெடுக்கும் முறையே. வாங்கும் நாளில் எச்செடி பூத்து நிற்கிறதோ அதையே கொண்டுவருகிறோம். எம்மாதத்தில் பூக்கும் என்று கேட்பதில்லை. நெல்லுக்குப் பட்டம் பார்க்கும் நாம் பூச்செடிக்கும் பருவம் பார்த்தல் வேண்டும்.

முதலிடம் தரத்தக்கது டிசம்பர்ப் பூ. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் உண்டு. மணமில்லையெனினும் தொடுப்பதற்கு ஏற்றது. ஆடி, ஆவணியில் 6 அங்குல நீளமுள்ள கிளைத்துண்டுகளை 2 அடிக்கு ஒன்றாக வேலியின் உட்புறம் நட்டால் எளிதில் வேர்பிடிக்கும். மாசியில் பூ ஓய்ந்ததும் செடியைக் குறைத்து வெட்டிவிடுக. புரட்டாசிக்குப் பின் கத்தரி படலாகாது. அரும்பு விடும் கிளைகளை வெட்டிவிட்டுப் பிறகு செடியைக் குறை கூறுவதில் பயனில்லை.

அடுத்தது கனகாம்பரம். நீர் தேங்காத இடமே இதற்கு உகந்தது. வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு அஞ்சவேண்டியிருப்பதால், கத்தரியும் தக்காளியும் நின்ற பாத்தியில் இதை நடாமலிருப்பது நலம்.

மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த பாயின்செட்டியாவின் செந்நிறத்தைக் கண்டு பலர் மயங்குகின்றனர். அச்சிவப்பு இதழன்று, இலையே. இராப்பொழுது நீளும் காலத்தில்தான் அது சிவக்கும். இரவெல்லாம் விளக்கெரியும் கம்பத்தருகே நட்டால் பச்சையாகவே நிற்கும். அதன் பால் சிலருக்குத் தோலில் எரிச்சல் உண்டாக்கும். வாசலுக்கு அழகாக ஒன்றிருந்தால் போதும், மாலைக்கு உதவாது.

விளைநிலத்தைப் பூவுக்கு ஒதுக்குவதா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஒரு குழி நிலமும் ஒதுக்கவேண்டுவதில்லை. கிணற்றடியில் வீணாக ஓடும் நீரும் வேலியோரமுமே போதுமானவை. கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடத்து வேலியோரத்தில் ஒரு வரிசை நடுவித்தால், ஊரார் அதிலிருந்தே துண்டுகள் பெற்றுக்கொள்ளலாம், செலவென்பதே இல்லை.

மார்கழியில் பூ வேண்டுவோர் மார்கழியில் செடி தேடுவதால் பிரயோஜனமில்லை. ஆடி மாதத்திலேயே அதற்கு அடிகோலுதல் வேண்டும்.