பிடித்த நூலைக் கையில் கொடுங்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘உங்களுக்குப் பிடித்த நூல் எது?’ என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு விடைகள் உண்டு. ஒன்று மேடை விடை. மற்றொன்று மெய் விடை. தமிழ் மன்றத் தொடக்க விழாவில் கேட்டால் திருக்குறள் என்போம். பாரதியார் கவிதைகள் என்போம். சற்று இளைப்பாறும் நேரமாக இருந்தால் ‘பொன்னியின் செல்வன்’. நேர்முகத் தேர்வு என்றால் ‘அக்னிச் சிறகுகள்’. யாரும் குறை கூற முடியாத நூல்கள். ஆனால் இந்த விடையைக் கேட்டவர் நூலைப் பற்றியும் புதிதாக ஒன்றும் அறிவதில்லை. சொன்னவரைப் பற்றியும் அறிவதில்லை. எந்த நூலைப் படித்துக்கொண்டு வந்து இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டீர்கள் என்று கேட்டால் மெய் விடை வரும். அதைச் சொல்லத்தான் கூச்சம்.

என் தந்தையார் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருடைய மெய் விடை ராஜேஷ்குமார். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 1500 நாவல்களுக்கு மேல் எழுதிக் குவித்தவர் அவர். கைப்பேசி வந்து எல்லாவற்றையும் விழுங்குவதற்கு முன்னால், கம்பெனியில் ஒரே மாத நாவல் கட்டிங் மாஸ்டரிடமிருந்து ஓவர்லாக், ஓவர்லாக்கிலிருந்து செக்கிங் என்று கைமாறி, அட்டை போய், கடைசிப் பக்கமும் போய்த் திரும்பி வருமாம். கொலைகாரன் யார் என்பதைப் படித்து முடித்தவர்தான் சொல்ல வேண்டும்! அம்மாவுக்கு ரமணிசந்திரன். இவர்களை வாசகர்கள் என்று நம் கட்டுரைப் போட்டிகள் ஏற்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்த கண்ணோடு, சொந்தக் காசில் வாங்கிப் படித்தவர் வாசகர் இல்லை என்றால், பாட நூலைத் தேர்வுக்கு முதல் நாள் புரட்டும் நாம் யார்?

ஆசிரியர்களின் மெய் விடைக்கு வருவோம். ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது மூன்று நூல்களின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி 1981இல் எழுதிய ‘டோட்டோ-சான்’. பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி ஒருத்தி, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கிய பள்ளிக்குப் போகிறாள். முதல் நாளிலேயே அந்தத் தலைமையாசிரியர் மணிக்கணக்கில் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாவது, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டதற்காக அடிபட்டு, அடியின் வலி தெரியாதிருக்க மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டு மாய்ந்த பெண்ணைப் பற்றி, ஓர் ஆசிரியை தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்த கதை. இதை எழுதியவரும் ஆசிரியரே.

மூன்றாவது சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. 1962இல் வந்தது. எனக்கு இதில்தான் மனம் நிற்கிறது. கிர்கீசிய மலைக் கிராமம். துய்ஷேன் என்னும் இளைஞன் பழைய குதிரை லாயத்தைக் கூட்டிப் பெருக்கிப் பள்ளியாக்குகிறான். அவனுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பனிக்காலத்து ஓடையில் பிள்ளைகளைச் சுமந்து கடக்கிறான்; ஊரார் சிரிக்கிறார்கள். அல்தினாய் என்ற அனாதைப் பெண்ணை நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவள் பெரும் பேராசிரியை ஆகிறாள். பல்லாண்டு கழித்து ஊரில் புதிய பள்ளியின் திறப்பு விழா. மேடையில் அல்தினாய். துய்ஷேன் கிழவரோ தபால் பையோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதை ஆசிரியர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. தங்களைத் துய்ஷேனாக நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும், தகும். ஆனால் அல்தினாயின் பக்கத்திலிருந்து படிக்கும் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். எங்கள் தெருவில் ‘நூல்’ என்றால் கவுண்ட் எத்தனை என்று கேட்பார்கள்: இருபதா, முப்பதா, நாற்பதா? ‘நூல் விலை ஏறிவிட்டது’ என்று நாளேட்டில் வந்தால் எங்கள் வீட்டில் கவலைப்படுவார்கள். அது புத்தக விலை அன்று. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அலமாரி அப்பனிடமிருந்து வருகிறது. அண்ணன் அடிக்கோடிட்ட பக்கம் வருகிறது. எங்களுக்கு எது படிக்கத்தக்கது என்று சொல்ல ஆசிரியரின் வாயைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே ஆசிரியருக்குப் பிடித்த நூல் அவருடைய சொந்த விஷயம் என்று நான் கருதவில்லை. அது எங்களுக்கு வரவேண்டிய சொத்து. அதை அவர் மேடையில் அறிவித்துவிட்டு வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டால், சொத்து எங்களுக்கு வந்து சேரவில்லை என்றே பொருள்.

எனக்கு ஒன்று வந்து சேர்ந்தது. முதலாண்டில் ஒரு பேராசிரியர் வகுப்பு முடிந்ததும் தம் பையிலிருந்து யா. பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ நூலை எடுத்து, “படிச்சுட்டுக் கொடு; சந்தேகம் இருந்தா வா” என்றார். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி மலிவு விலைக்கு இங்கே விற்ற நூல்களுள் ஒன்று. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. அவருடைய பிரதியின் முதுகு பிரிந்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்திருந்தது. உருண்டோடும் வண்டிச் சக்கரத்தின் மேல் பாகம் கீழ்ப் பாகத்தைவிட வேகமாகச் செல்கிறது என்ற பகுதியை இரவு வீட்டில் உரக்கப் படித்தேன். தந்தையார் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, “ஏன் சாமி, அப்ப நம்ம மிசின் வீலுக்கும் அப்படித்தானா?” என்று கேட்டார். இல்லை, அது நின்ற இடத்தில் சுற்றுவது, தரையில் உருள்வதில்லை என்றேன். சற்று யோசித்து, “ஓ, அடியில ரோடு வேணுமாக்கும்!” என்றார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இவ்வளவு விரைவில் விளங்கவில்லை. மாத நாவலைத் தவிர வேறு புத்தகத்தைத் தொடாத மனிதரிடம் பௌதிகம் பேசியது அந்த நூல். அதைக் கையில் கொடுத்தவருக்கு இன்றுவரை இது தெரியாது.

பிடித்த நூல்களில் நம் மண்ணின் நூல்கள் ஏன் இல்லை என்பது என் அடுத்த கேள்வி. தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம். 1942இல், இருபத்தைந்து வயதில், ‘நாகம்மாள்’ எழுதினார். கொங்கு நாட்டுப் பேச்சு அப்படியே நாவலில் ஏறியது அதில்தான். கணவனை இழந்த ஒருத்தி, கொழுந்தனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கேட்டதிலிருந்து குடும்பம் கொலை வரை போகிறது. அம்மா வீட்டில் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டும்போது நான் நாலு இரவுகளில் அதைப் படித்துக் காட்டினேன். “பங்கு கேட்டது தப்பா கண்ணு? கேட்ட விதமா தப்பு?” என்று அம்மா கேட்டார். திறனாய்வு நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை நேரே கேட்டுவிட்டார்!

இன்னொன்று, நம் ஊரிலேயே வாழும் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’. 1998இல் வந்த நாவல். சாயக் கழிவு ஊரின் நீரையும் மனிதரையும் என்ன செய்தது என்று அப்போதே சொல்லிவிட்டது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கழிவை ஒரு துளியும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2011 ஜனவரியில். நாவலுக்கும் ஆணைக்கும் இடையில் பதின்மூன்று ஆண்டுகள்! வேதியியல் மாணவன் சாயங்களின் கட்டமைப்பை ஐந்து மதிப்பெண்ணுக்கு வரைகிறான். அந்தச் சாயம் பாய்ந்த ஆற்றங்கரையில்தான் அவன் பாட்டியின் காடு இருக்கிறது. இந்த நாவலை அவன் கையில் கொடுப்பது தமிழ்த் துறையின் வேலை மட்டுந்தானா?

‘நூலகம் இருக்கிறதே, போய்ப் படிக்கலாமே’ என்பார்கள். இருக்கிறது. அதில் நம் ஊருக்குப் பெருமையும் உண்டு. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், 1948இல், பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய சட்டம் அதுவே முதல். அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம்தான், ஆசிரியப் பணி பார்த்த பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராக்கி, 1954 முதல் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. கம்பெனிக் கட்டடமும் கட்டுகிறது. வாடகை வீட்டில் இருப்பவனும் வாடகைக்குள் வைத்து மறைமுகமாகக் கட்டுகிறான்.

ஆனால் ஒன்றரை ஷிப்டு இரவு எட்டரைக்கு முடிகிறது. அதற்குள் கிளை நூலகம் பூட்டியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் ரேஷனுக்கு அலையவும் சரியாக இருக்கிறது. தை மாதத்துப் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறோம். சனிக்கிழமைச் சம்பளத்தில் அப்பளமும் ஒரு புத்தகமும் வாங்குகிறோம். ஆண்டுக்கு ஒன்று.

சட்டத்துக்குப் பின்னால் நின்ற எஸ். ஆர். அரங்கநாதனும் முதலில் கணித ஆசிரியர்தாம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும்வரை மங்களூர், கோயம்புத்தூர், சென்னை அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்தியவர். அவருடைய தூண்டுதலால் 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. வாசகன் வர முடியாவிட்டால் நூல் போக வேண்டும் என்பது 1931இலேயே தெரிந்திருக்கிறது. நான் படித்த பள்ளியிலோ கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருந்தது. உள்ளே புத்தகங்கள் புத்தம் புதிதாக இருந்தன. ஆறு ஆண்டுகளில் அது திறந்து நான் பார்த்ததில்லை.

கொடுத்த நூல் திரும்பி வராது என்று பேராசிரியப் பெருமக்கள் அஞ்சுவது நியாயமே. சில வராது. அவை எங்கோ யாராலோ படிக்கப்படுகின்றன என்று நான் பசப்ப மாட்டேன். பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்கும் போயிருக்கும். பத்தில் இரண்டு போகட்டும் என்று துணிந்து கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ‘இந்தக் காலத்துப் பையன்கள் படிப்பதில்லை’ என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்பவரோடு நான் வாதாட மாட்டேன்.

எங்கள் துறைக்கு ஒரு யோசனை. ஒவ்வோர் ஆசிரியரும் மாதம் ஒரு நூலின் பெயரை எழுதி, அது தமக்கு ஏன் பிடித்தது என்று மூன்றே வரியில் சொல்லி ஒட்டலாம். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். வேகமாகப் போகிறவனும் நின்று படிக்க வேண்டும். பிரதி ஆய்வக உதவியாளரின் மேசையில் இருக்கட்டும். மேடை விடை எழுதக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. துப்பறியும் கதையாக இருந்தாலும் சரி. மாணவரும் எழுதலாம், என் தந்தையார் சொல்வதை நான் எழுதி வருகிறேன். ஆய்வக வாசலில் உள்ள பலகையில் இப்போது தேர்வுக் கட்டண அறிவிப்பு மட்டுமே இருக்கிறது. அதன் கீழே இரண்டு முழம் இடம் காலியாகத்தான் கிடக்கிறது.