ஒரு சோறு பதம் போதுமா?

பத்திரிகைகளின் உத்தியோக விளம்பரப் பக்கத்தைப் புரட்டும் இளைஞர்கள் 'பிஸ்னஸ் அனலிஸ்ட்' என்ற பதவிப் பெயரை இப்பொழுது அடிக்கடி காண்கின்றனர். வணிகப் பகுப்பாய்வாளர் என்று அதனைத் தமிழில் வழங்குவர். வேண்டப்படும் தகைமைகளின் வரிசையில் 'மென்பொருட் சோதனையில் அறிவு' என்ற ஒரு வரியும் பல வேளைகளில் இருக்கும். வணிகம் படித்த பிள்ளைக்கு மென்பொருளைச் சோதிக்கும் வேலை எதற்கு என்று பெற்றோர் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. அதற்கு விடை காண்பதே இவ்வாரம் நம் நோக்கம்.

முதலில் இப்பதவியாளரின் கடமை யாதெனப் பார்ப்போம். ஒரு வங்கிக்கோ, வைத்தியசாலைக்கோ, பாடசாலைக்கோ ஒரு கணினி ஏற்பாடு தேவைப்படுகின்றது. அத்தாபனத்தாருக்குத் தமது தொழில் தெரியும். நிரல் எழுதத் தெரியாது. நிரல் எழுதுவோருக்குக் கணினி தெரியும், அத்தொழில் தெரியாது. இருசாராருக்கும் நடுவில் நின்று, தேவையை விசாரித்து அறிந்து, ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கொடுப்பவரே வணிகப் பகுப்பாய்வாளர். அவர் எழுதுவது தேவைக்கூற்று எனப்படும்.

எழுதிக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்துவிடுகின்றதா? இல்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று ஆகிவிடாமல் பார்க்க வேண்டும். நிரல் எழுதியவர் தாம் எழுதியது ஓடுகின்றதா என்று பார்ப்பார். அது பெரும்பாலும் ஓடும். ஆயின் ஓடுவது வேறு, உதவுவது வேறு. கட்டப்பட்டது வேண்டப்பட்டதுதானா என்பதைத் தேவையை விசாரித்து அறிந்தவரே சொல்லக்கூடும். சோதனை என்னும் கலையை இவர் பயில வேண்டியது இதனாலேயே.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீட்டுப் பழமொழி. ஒரே பானையில், ஒரே நெருப்பில், ஒரே அரிசி வேகும்போது ஒரு பருக்கை மற்றெல்லாப் பருக்கைகளுக்கும் சாட்சி சொல்லும். மென்பொருளிலோ வெளிப்பார்வைக்கு ஒரு பானையாகத் தோன்றுவது உள்ளே பல பானைகளாக இருக்கும். ஒன்றில் சோறு குழைந்திருக்கும். மற்றொன்றில் அரிசி வேகாது கிடக்கும். எத்தனை பானைகள் உள்ளன என்று கண்டுபிடிப்பதே சோதனைக் கலையின் முதற்பாடம்.

மாணவர்கள் அறிந்த உதாரணம் ஒன்றைக் கூறுவோம். ஒரு பாடசாலை, பரீட்சைப் புள்ளிகளுக்குத் தரம் வழங்கும் மென்பொருள் ஒன்றை வேண்டுகின்றது என வைத்துக்கொள்வோம். அதிபர் சொல்கிறார்: "75க்கு மேல் 'ஏ', 65க்கு மேல் 'பி', 50க்கு மேல் 'சி', 35க்கு மேல் 'எஸ்', அதற்குக் கீழே சித்தியில்லை." கேட்பதற்குத் தெளிவாகவே இருக்கின்றது. ஆனால் சரியாக 75 புள்ளி பெற்ற மாணவிக்கு 'ஏ'யா, 'பி'யா? '75க்கு மேல்' என்றால் 75 அதில் அடங்குமா? அதிபர் அடங்கும் என்று எண்ணியிருப்பார். நிரல் எழுதியவர் அடங்காது என்று எழுதியிருப்பார். இருவரும் தத்தமக்குச் சரியாகவே நடந்தனர். நட்டப்படுபவள் மாணவி.

இன்னும் கேளுங்கள். 74.5 பெற்றால் 75 ஆக மாற்றுவதா, அப்படியே விடுவதா? காய்ச்சலால் பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் பூச்சியமா, 'வரவில்லை' என்ற குறிப்பா? பூச்சியம் என்றால் வகுப்பின் சராசரி குறைந்து போகுமே! இவ்வினாக்களை நிரல் எழுதத் தொடங்குமுன் அதிபரிடமே கேட்டுத் தெளிந்தால், ஒரு வரியைத் திருத்துவதோடு காரியம் முடிந்துவிடும். புள்ளி அறிக்கைகள் வீடுகளுக்குப் போனபின் தெரியவந்தால், அறிக்கைகளையும் திருத்த வேண்டும். அழுத பிள்ளைகளுக்கும் ஆறுதல் சொல்ல வேண்டும்.

75உம் 'ஏ'யில் அடங்கும், மற்றைய எல்லைகளும் அவ்வாறே என்று அதிபர் தெளிவுபடுத்தி விட்டார் என்போம். இப்பொழுது பானைகள் தெரிகின்றன: 0 முதல் 34 வரை ஒன்று, 35 முதல் 49 வரை ஒன்று, 50 முதல் 64 வரை ஒன்று, 65 முதல் 74 வரை ஒன்று, 75 முதல் 100 வரை ஒன்று. இவற்றுக்குப் புறம்பாக, பூச்சியத்துக்குக் கீழும் நூறுக்கு மேலும் ஏற்கத்தகாத எண்கள். ஒவ்வொரு பானையிலும் ஒரு பருக்கை எடுத்துப் பார்ப்பதைச் சமவகுப்புப் பிரிப்பு என்பர். பிழைகள் பானையின் நடுவைவிட விளிம்பிலேயே அதிகம் ஒளிந்திருக்கும். ஆகவே -1, 0, 34, 35, 49, 50, 64, 65, 74, 75, 100, 101 என்ற பன்னிரண்டு எண்களை இட்டுப் பார்த்தல் வேண்டும். இது எல்லைப் பெறுமானச் சோதனை. பன்னிரண்டே எண்கள், ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு இடும் நூறு எண்களிலும் இவை பயனுடையவை.

எல்லாவற்றையுமே சோதித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஆம், இல்லை என்று விடை கூறத்தக்க 10 நிபந்தனைகள் ஓர் ஏற்பாட்டில் இருந்தால், அவை சேரும் விதங்கள் 1,024. நிபந்தனைகள் 20 ஆனால் 10,48,576. வாழ்நாள் போதாது. எனவேதான் தேர்ந்தெடுத்துச் சோதிக்கின்றோம். நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பிழை உண்டென்பதைச் சோதனை காட்டலாமேயன்றி, பிழையே இல்லையென்று அது நிறுவாது என்னும் கருத்தை 1969ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். கிளென்போர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட நூலொன்றில், பிழையைக் காணும் நோக்கத்துடன் நிரலை ஓட்டுவதே சோதனை என்று வரையறுத்தார். சரியென்று காட்ட முனைபவர் கண்ணுக்குப் பிழை தென்படாது என்பது இதன் உட்கருத்து.

புள்ளி அறிக்கை பிழைத்தால் திருத்திக்கொள்ளலாம். திருத்தவொண்ணாத பிழைகளும் உள. 1996 ஜூன் 4ஆம் தேதி, பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் 'ஆரியான் 5' ரொக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீற்றர் உயரத்தில், வழிமாறி உடைந்து வெடித்தது. அது சுமந்து சென்ற நான்கு ஆய்வுச் செய்மதிகளும் அழிந்தன. காரணம் யாது? வழியறி கருவியின் மென்பொருள் முந்திய 'ஆரியான் 4'இலிருந்து எடுத்தாளப்பட்டது. அங்கே அது குறையின்றி உழைத்தது. புதிய ரொக்கெட்டின் கிடைவேகம் மிக அதிகம். அவ்வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண், 32,767க்கு மேல் கொள்ளாத இடத்தில் புகுத்தப்பட்டபோது கருவி செயலிழந்தது. மாற்றுக்கென வைத்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருளே இருந்தமையால் அதுவும் அவ்வாறே நின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கருவிக்கான தேவைக்கூற்றில் 'ஆரியான் 5' செல்லும் பாதையின் தரவுகள் சேர்க்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. எழுதப்படாத தேவையை எவர் சோதிப்பார்? எழுதுபவரும் சோதிப்பவரும் ஒருவர் வேலையை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி இலண்டன் மாநகரத்தது. அங்குள்ள அம்புலன்ஸ் சேவை, அதுவரை கடதாசியிலும் வாய்ப்பேச்சிலும் நடத்திவந்த வேலையை 1992 அக்டோபர் 26ஆம் தேதி கணினியிடம் ஒப்படைத்தது. அழைப்பு வந்ததும் அருகிலுள்ள வண்டியைக் கணினியே தெரிந்து அனுப்ப வேண்டும். அதற்கு ஒவ்வொரு வண்டியும் எங்கே, என்ன நிலையில் உள்ளது என்பது கணினிக்குப் பிசகின்றித் தெரிதல் வேண்டும். நடைமுறையிலோ வானொலித் தொடர்பு எட்டாத இடங்கள் இருந்தன. வேலை நெருக்கடியில் ஊழியர் பொத்தான்களைத் தவறாக அழுத்தியதுமுண்டு. வண்டிகள் நிற்குமிடம் தெரியாமற் போகவே, ஒரு விபத்துக்கு இரு வண்டிகள் போயின. வேறிடத்துக்கு ஒன்றும் போகவில்லை. காத்திருந்தோர் மீண்டும் மீண்டும் அழைக்க, அழைப்புகள் மேலும் பெருகின. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பார்ப்பதற்குமுன் மேலேறி மறைந்தன. மறுநாளே பாதி வேலையைப் பழைய முறைக்குத் திருப்பினர்.

அதோடும் தீரவில்லை. நவம்பர் 4ஆம் தேதி விடியுமுன் கணினி முற்றாக நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் நினைவகத்தில் சிறிதளவு இடத்தைப் பிடித்து, அதனைத் திரும்ப விடாத ஒரு சிறு நிரற்பகுதி உள்ளே தங்கியிருந்தது. மூன்று வாரங்களில் அது இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. ஒரு நாள் சோதனையில் இப்பிழை தெரியாது. பல நாள் இடைவிடாது ஓட்டிப் பார்த்தாலன்றோ தெரியும்? 1993இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, மென்பொருள் முழுமை பெறவுமில்லை, முழுமையாகச் சோதிக்கப்படவுமில்லை என்று கூறியது. பின்னர் 1996இல் அதே சேவை வேறொரு ஏற்பாட்டைப் படிப்படியாக, ஊழியரைக் கலந்து, பழக்கி, வெற்றியுடன் அமைத்துக்கொண்டது. கணினி ஆகாது என்பது பாடமன்று. சோதியாது அமைத்தல் ஆகாது என்பதே பாடம்.

இனி, இக்கலையைப் பயில விரும்பும் மாணவர்களுக்குச் சில சொல்வோம். சோதனைக்கு நான்கு படிகள் உண்டு. நிரலின் சிறு கூறுகளைத் தனித்தனியே பார்ப்பது அலகுச் சோதனை. இது நிரல் எழுதுவோர் பொறுப்பு. கூறுகளைப் பொருத்திப் பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முழு ஏற்பாட்டையும் பார்ப்பது முறைமைச் சோதனை. பயன்படுத்தப் போகிறவர்களே அமர்ந்து பார்த்து ஒப்புக்கொள்வது ஏற்புச் சோதனை. வணிகப் பகுப்பாய்வாளர் சிறப்பாக நிற்க வேண்டிய இடம் இக்கடைசிப் படியாகும். ஆனால் அதற்கான ஆயத்தம் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.

எப்படியெனில், ஒவ்வொரு தேவையையும் எழுதும்போதே, 'இது நிறைவேறியதென்று எவ்வாறு அறிவேன்?' என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 'ஏற்பாடு விரைவாக இயங்க வேண்டும்' என்பது சோதிக்க இயலாத வாக்கியம். '200 பேர் ஒரே வேளையில் பயன்படுத்தினும் 3 வினாடிக்குள் விடை வர வேண்டும்' என்பது சோதிக்கத்தக்கது. சோதிக்க இயலாத தேவை, இன்னும் விளங்கிக்கொள்ளப்படாத தேவையே.

பிழை கண்டால் 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவது போதாது. என்ன செய்தோம், எது வருமென எதிர்பார்த்தோம், எது வந்தது என்ற மூன்றையும், பிறர் அதே பிழையை மீண்டும் காணத்தக்கவாறு எழுத வேண்டும். பிழையைச் செய்தவரைக் குறைகூறும் தொனி அதில் இருத்தலாகாது. திருத்தப்பட்ட பின் அவ்விடத்தை மட்டுமன்றி, அத்திருத்தம் வேறெதையும் குலைத்ததா என்றும் பார்த்தல் வேண்டும்.

முறையாகக் கற்க விரும்புவோருக்குச் சர்வதேசப் பரீட்சைகளும் உள்ளன. 2002இல் அமைக்கப்பட்ட சர்வதேச மென்பொருட் சோதனைத் தகைமைச் சபை, 'ஐ.எஸ்.ரி.கியூ.பி.' எனப்படுவது, அடிப்படைப் பரீட்சையொன்றை நடத்துவிக்கின்றது. 40 வினாக்கள், 60 நிமிடங்கள். 26 விடைகள் சரியானால் சித்தி. நிரல் எழுதத் தெரியாதவரும் இதற்குத் தோற்றலாம். எனினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கைத்தொலைபேசியிலுள்ள ஏதேனும் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை பானைகள், எங்கே விளிம்புகள் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பழகுங்கள். ஒரு மாதப் பழக்கம் பல புத்தகங்களுக்கு ஈடாகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'அப்படியானால் இப்படி நடந்தால் என்ன செய்வது?' என்று ஓயாமல் கேட்கும் பிள்ளை வீட்டில் இருக்கின்றதா? அதன் வாயை அடக்காதீர்கள். அக்கேள்வியை உரிய வேளையில், உரியவரிடம், பணிவோடு கேட்கப் பழக்குங்கள். இலண்டன் அம்புலன்ஸ் நிலையத்தில் அந்தக் கேள்வியைப் போதிய தடவை கேட்டிருந்தால், அன்றிரவு வாசலில் நின்று வண்டியை எதிர்பார்த்தோர் அவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்திராது.