பால்வாடியும் பள்ளிக்கூடமே

திருப்பூர் பனியன் தொழில் வட்டாரத்தில், லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் முதல் கம்பெனி உரிமையாளர்கள், அரசு அலுவலர்கள் வரை பெரும்பாலோர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுள்ள கருத்து ஒன்று உண்டு. பால்வாடி என்று மக்கள் வழங்கும் அங்கன்வாடி, பிள்ளைக்குச் சோறும் முட்டையும் கொடுத்துத் தூங்கவைக்கும் இடம். படிப்பு வேண்டுமானால் கட்டணம் கட்டித் தனியார் ஆங்கிலவழி நர்சரியில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும் என்பதே அது. இக்கருத்து உண்மைக்கு மாறானது; அதைவிட, தான் பழிக்கும் குறையைத் தானே வளர்ப்பது.

1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், துணை உணவு, தடுப்பூசி ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியையும், அதாவது தொடக்கப் பள்ளிக்கு முந்தைய வயதில் அளிக்கப்படும் கல்வியையும், தன் ஆறு பணிகளில் ஒன்றாக முதலிலிருந்தே கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் பசியைப் போக்கியதில் பெற்ற புகழ் முற்றிலும் தகுதியானது; ஆனால் அந்தப் புகழின் நிழலில், உணவு வழங்கும் இடத்தில் கல்வி நடக்காது என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது. ஒரே பணியாளரும் ஒரே உதவியாளரும் சமைத்து, ஊட்டி, எடை பார்த்து, பதிவேடுகளை நிரப்பி, கர்ப்பிணிகளின் வீடுகளுக்கும் சென்றுவர வேண்டிய மையத்தில் கற்பிக்கும் நேரம் சுருங்குவது இயல்பே. அதனைக் கண்டு 'அங்கே சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்' என்று தீர்ப்பு எழுதுவது, ஆள் கொடுக்காத குற்றத்தை மையத்தின் இயல்பாக மாற்றிச் சொல்வதாகும்.

இதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்திரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள், மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதி மையங்களில் மட்டும், முன்பருவக் கல்விக்கென அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தி ஆராய்ந்தனர். அம்மையங்களில் கற்பித்தல் நேரம் இரு மடங்காயிற்று. பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடத்திய தேர்வுகளில் அக்குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையக் குழந்தைகளைத் தெளிவாக முந்தினர். பழைய பணியாளருக்குச் சுமை குறைந்து உடல்நலப் பணிகளுக்கு நேரம் கிடைத்ததால், வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. கட்டடமும் மாறவில்லை, பயிற்றுமொழியும் மாறவில்லை. கூடுதலாக ஒருவர் வந்தார், அவ்வளவே. சோறும் படிப்பும் ஒன்றையொன்று விலக்கும் என்ற நம்பிக்கையை இதைவிடத் திட்டவட்டமாக மறுக்க முடியாது.

நர்சரிக்கு அனுப்பும் பெற்றோரை இங்கே குறை கூறுவதற்கில்லை. மகள் ஓவர்லாக் மெஷினில் உட்காரக் கூடாது என்று பாடுபடும் தாய், தன் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களான சீருடையையும், டையையும், நோட்டில் எழுதிய ஏ பி சி டி-யையும் நம்புகிறாள். ஆனால் மூன்று, நான்கு வயதில் கல்வி என்பது பேசுவது, கதை கேட்டுத் திருப்பிச் சொல்வது, பொருள்களை நிறம், அளவு வாரியாகப் பிரிப்பது, விளையாட்டில் முறை வரும்வரை காத்திருப்பது ஆகியவை. தமிழக மையங்களுக்கென வகுக்கப்பட்ட 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் இந்த அடிப்படையில்தான் அமைந்தது. வீட்டில் கேளாத மொழியில் எழுத்துகளைப் பார்த்தெழுதும் குழந்தை அந்த எழுத்தின் வடிவத்தைக் கற்கிறதேயன்றி, அதைக் கொண்டு சிந்திக்கக் கற்பதில்லை.

அரசும் அங்கன்வாடியில் கல்வி இல்லை என்ற நம்பிக்கைக்கே உடன்பட்டு நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் வேதனை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல்தான் உரிமையை வரையறுத்து, முன்பருவக் கல்வியை அரசின் விருப்பத்துக்கு விட்டது. அதே சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்படி தனியார் பள்ளிகளின் எல்.கே.ஜி. வகுப்புகளுக்கோ பொதுப்பணம் கட்டணமாகச் செல்கிறது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் 2022இல் மூடும் நிலைக்கு வந்து, எதிர்ப்புக்குப் பின் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டே தொடர்ந்தன.

திருப்பூரில் இந்தப் புறக்கணிப்பின் விலை கூடுதல். பனியன் கம்பெனிகளில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் வேலை, ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டு மணியைத் தாண்டும்; அங்கன்வாடியோ பிற்பகலோடு பிள்ளைகளை அனுப்பிவிடுகிறது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்திருந்தபோதிலும், பிசிறு வெட்டுவதும் செக்கிங்கும் சிறு ஜாப் ஒர்க் கூடங்களில் நடக்கும் ஊரில் அந்த எண்ணிக்கைக்குள் வராத தாய்மார் ஏராளம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மையத்தின் மொழியே புதிது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் நகரத்தில் ஒவ்வொரு மையத்துக்கும் கற்பிப்பதற்கென இரண்டாவது பணியாளரும், ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்கும் காப்பக வசதியும், ஒடியாவும் இந்தியும் பேசத் தெரிந்த உதவியாளர்களும் கேட்பது மிகையன்று. அவற்றுக்கான செலவை அரசோடு இத்தொழிலும் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அந்தத் தாய்மாரின் நேரத்தில்தான் அதன் ஆர்டர்கள் முடிகின்றன.