வாட்ஸ்அப்பில் கும்பாபிஷேகத்தைச் சுருக்காதீங்க



விழா வீடியோ கேட்டு வர்றவங்க பாதிப் பேர், "எம்.பி.4-ஆ குடுங்க, போதும்" என்கிறார்கள். எம்.பி.4 என்பது வெறும் குடம். உள்ளே பாலா, பன்னீரா என்று குடத்தை வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பதுதான் கோடெக்: எச்.264, எச்.265 என்பதெல்லாம் அதுதான். அதனால்தான் ஒரே எம்.பி.4 பேரன் போனில் ஓடுது, பாட்டி வீட்டு டிவியில் சத்தம் மட்டும் வருது.

கோடெக் ஒவ்வொரு படத்தையும் முழுசா எழுதாது. முந்தின படத்திலிருந்து எது மாறுச்சோ, பெரும்பாலும் அதை மட்டும்தான் எழுதும். அமைதியான சந்நிதியில் மாற்றம் குறைவு, தெளிவா இருக்கும். ஆனா கோபுரக் கலசத்தில் புனித நீர் ஊத்தும்போது? நீர்த்துளி, பூ, புகை, கீழே கூப்பின ஆயிரம் கை, எல்லாமே அசையுது. இடம் பத்தாம படம் கட்டம் கட்டமா உடையும். பன்னிரண்டு வருஷம் எதுக்காகக் காத்திருந்தோமோ, அந்த நிமிஷம்தான் முதலில் கெடுது. வீட்டில் பழைய கும்பாபிஷேக விசிடி இருந்தா போட்டுப் பாருங்க. அதில் ஒரு படம் 352×288 புள்ளிதான். இன்றைய முழு எச்டி 1920×1080, அதாவது இருபது மடங்கு. அதை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவா அனுப்பினா மறுபடி சுருங்கும். இன்னொருத்தர் அதை இறக்கி, வெட்டி, பாட்டு சேர்த்து அனுப்பினா இன்னொரு சுருக்கல். போன தெளிவு திரும்பாது.

எங்கள் கருத்து இதுதான். பார்க்கக் கொடுப்பது எச்.264-ல் இருக்கட்டும். 2003-ல் வந்தது, பழசுதான், ஆனா பெரும்பாலும் எதிலும் ஓடும். எச்.265 ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தெளிவைத் தரும், உண்மை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பென்டிரைவ் செருகிப் பார்க்கும் பழைய டிவிகள் பல அதைப் படிக்காதே! பாதுகாத்து வைப்பதோ கேமராவில் வந்த மூலக்கோப்பு, கை வைக்காமல், இரண்டு ஹார்ட்டிஸ்கில், இரண்டு இடத்தில். பந்தலுக்கும் பூவுக்கும் ஆகும் செலவில் இது எத்தனை ரிங்கிட்?

விஎச்எஸ் கேசட் வைத்திருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் வரணும். நம்ம ஊர் ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிக்கும். விசிஆர் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் 2016-ல் நிறுத்திவிட்டது.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எடுத்ததை எங்களுக்கு அனுப்புறவங்க 'டாக்குமென்ட்'-ஆ அனுப்புங்க, சுருங்காது. பெரிய கோப்பா இருந்தா பென்டிரைவோட கோயிலுக்கே வாங்க, பூஜை முடிஞ்சதும் நாங்களே நகல் எடுத்துக்கிறோம்.