கைத்தொழிலுக்கும் ஓர் உரை வேண்டும்

சென்ற மாதம் அட்டனில் என் பழைய மாணாக்கர் ஒருவரின் கராஜுக்குச் சென்றிருந்தேன். எம்.ஜி. டி.ஏ. என்னும் ஈரிருக்கைப் பந்தய வண்டியொன்று அங்கே வயிறு பிளந்து கிடந்தது. 1936 முதல் 1939 வரை இங்கிலாந்திற் செய்யப்பெற்ற இனம் அது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி தொடங்கிய 1934 ஆம் ஆண்டுக்குச் சற்றே இளையது.

நோய் கிளச்சில் இருந்தது. இயந்திரத்தின் சுழற்சியைக் கியர்ப் பெட்டியோடு கூட்டுவதும் வேண்டும்போது பிரிப்பதும் கிளச்சின் தொழில். பிற்கால வண்டிகளில் உலர்ந்த தட்டு உராய்ந்து பற்றும். எண்ணெய் பட்டாற் கெடும். இவ்வண்டியிலோ, போத்தல் மூடும் தக்கையின் துண்டுகளைப் பதித்த தட்டு எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கிறது. வழுக்காதோ என வினவினேன்.

"தக்கை அமுங்கும் ஐயா. அமுங்கும்போது எண்ணெயைப் பிழிந்துவிட்டுப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்தால்தான் வழுக்கும், ஏற்றத்தில் இயந்திரம் கத்தும், வண்டி நகராது."

புதிய தக்கைகளை வெந்நீரில் இளக்கி, துளைதோறும் அழுத்தி, உலரவிட்டு, முகத்தைச் சமமாகத் தேய்த்தார். ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் புறப்படும்போது வண்டி நடுங்குமாம். இதனை அவருக்குக் கற்பித்தவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பிற்றர். அவர் இன்றில்லை, ஒரு வரியும் எழுதிவைத்தாரில்லை.

கிளச்சுக்குத் தமிழ்ச்சொல் யாதென நாம் வழக்காடுகிறோம். நானும் அவ்வழக்கில் உரத்துப் பேசியவனே, இப்பொழுது நாணுகிறேன். பழைய இசைநூல்கள் இறந்துபட்டன என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் இரங்கும் நாம், கண்முன்னே இறந்துபடும் ஒரு கல்வியை ஏட்டில் ஏற்ற முயன்றோமா? ஆங்கிலத்திற் கையேடு உண்டே என்பர் சிலர். உதிரிப்பாகம் கடையிற் கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் எழுதப்படுவது கையேடு. கிடையாதவிடத்துக் கை கண்ட வழி அதில் எங்ஙனம் இருக்கும்?

மலையகத் தமிழாசிரியர்களை ஒன்று கேட்கிறேன். "நிலாக்கால இரவு" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தது போதும். மாணாக்கரை ஒருநாள் கராஜுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் அனுப்புங்கள். கண்டதை முறைபிறழாது, படிப்பவன் செய்துபார்க்கும் வண்ணம் எழுதட்டும். கிளச் என்றே எழுதட்டும், தமிழ் அழிந்துவிடாது.

அன்று நான் எழுதிய முதற்பக்கத்தை மாணாக்கரிடம் நீட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் படித்தார். பிழை இரண்டு சுட்டினார். எழுத்துப் பிழையல்ல, தக்கையை உலரவிடும் முன்பே தேய்க்குமாறு எழுதியிருந்தேன். மற்றதை நாளை வந்து பாருங்கள் என்றார்.